ஞானப்பல் எடுத்த அன்று மாலை: எந்த மரப்பு ஊசி யாருக்கு?

கீழ்த்தாடையில் படுத்த வாக்கில் முளைத்த ஞானப்பல்லை எடுக்க நாள் குறித்துக்கொண்டு போகிறவர்கள், இரண்டொரு நாளில் திரும்ப அழைத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “எட்டு மணி நேரம் மரத்திருக்கிற ஊசி ஒண்ணு இருக்காமே டாக்டர், அதையே போட்டுவிடுங்களேன்.” அலுவலகத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது வெளிநாட்டில் பல் எடுத்துக்கொண்ட அண்ணன் சொல்லியிருப்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பல் மருத்துவராக நான் சொல்லும் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பல்லை எடுக்கும்போது வலிக்காமலிருக்க எந்த ஊசி நல்லது என்பது ஒரு கேள்வி. எடுத்து முடித்து வீட்டுக்குப் போன பிறகு வலி தாங்கும்படியாக இருக்க எது நல்லது என்பது வேறொரு கேள்வி. முதலாவதில் பெரிய சிக்கல் இல்லை. முறையாகப் போட்டால், கீழே சொல்லப்படும் மருந்துகள் எல்லாமே வேலை செய்யும். இரண்டாவது கேள்விக்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. ஈறைக் கீறி, எலும்பைச் சீவி, பல்லைத் துண்டாக்கி எடுத்த இடத்தில், திசு காயப்பட்ட நொடியிலிருந்தே வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் சுரந்து சேரத் தொடங்கிவிடுகின்றன. மரத்திருக்கும்வரை அந்த வலிச் செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை, அவ்வளவுதான். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும் என்றாலும், வலி பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள்ளேயே உச்சத்தைத் தொட்டுவிடும். வழக்கமான ஊசியின் மரப்போ மூன்று, நான்கு மணி நேரத்தில், அதாவது வலி ஏறுமுகத்தில் இருக்கும்போதே விட்டுவிடுகிறது.

இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் காலை பதினொரு மணிக்குப் பல்லை எடுத்துக்கொண்டு, “ஒண்ணுமே தெரியலை டாக்டர்” என்று சிரித்தபடி போனார். வீட்டுக்குப் போய், மாத்திரை உறையைப் பிரிக்காமலேயே படுத்துத் தூங்கிவிட்டார். மாலை நான்கரை மணிக்குத் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் அப்போதுதான் முதல் மாத்திரையைப் போட்டார். அது வேலை செய்யத் தொடங்க அரை மணிக்கு மேல் ஆனது. அன்று அவர் பட்ட பாட்டுக்கு ஊசியைக் குறை சொல்ல முடியாது. மரப்பு விடும் நேரத்தில் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேறெதுவும் அங்கே இல்லை என்பதே காரணம். இந்தக் கைமாற்று நேரம்தான் இந்த ஒப்பீடு முழுவதற்கும் மையம்.

எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது?

மரக்கத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும், மரப்பு எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதும் எல்லோரும் கேட்பவை. யாரும் கேட்காத மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, ரத்தக் கட்டுப்பாடு: மருந்தோடு சேர்ந்துவரும் அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால்தான் அறுவைச் சிகிச்சை நிபுணரால் குழிக்குள் தெளிவாகப் பார்த்து வேலை செய்ய முடிகிறது. இரண்டு, மரத்திருப்பதே ஒரு தொல்லை என்பது: உதடு, நாக்கு, கன்னம் மூன்றும் உணர்விழந்து கிடக்கும் நேரம் முழுவதும் கடித்துக்கொள்ளவும் சுட்டுக்கொள்ளவும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும். மூன்று, உங்கள் உடம்பு: இதயம், கல்லீரல், ஆஸ்துமா, கர்ப்பம், வயது, எடை. செலவைக் கடைசியில் வைத்தாலும் போதும், ஏனெனில் ஞானப்பல் அறுவையின் மொத்தக் கட்டணத்தில் ஊசி மருந்தின் பங்கு சிறியது.

கீழ்த்தாடை நரம்புத் தடுப்பு ஊசியில், அதாவது தாடை நரம்பின் அருகே போட்டு அந்தப் பக்கத் தாடையையே மரக்கச் செய்யும் ஊசியில், இந்த மருந்துகள் பொதுவாக எப்படி நடந்துகொள்கின்றன என்பதை இந்த அட்டவணை காட்டும். 1:80,000 என்றால் 80,000 பங்கில் ஒரு பங்கு அட்ரினலின்; பின்னால் வரும் எண் கூடினால் செறிவு குறைவு.

| மருந்து | மரக்கத் தொடங்க | உதடும் நாக்கும் மரத்திருக்கும் நேரம் | ரத்தக் கட்டுப்பாடு |
|---|---|---|---|
| லிக்னோகெய்ன் 2%, அட்ரினலின் 1:80,000 | 3–5 நிமிடம் | 3–5 மணி | நன்று |
| ஆர்டிகெய்ன் 4%, அட்ரினலின் 1:100,000 | 2–3 நிமிடம் | 3–6 மணி | நன்று |
| பூபிவகெய்ன் 0.5%, அட்ரினலின் 1:200,000 | 6–10 நிமிடம் | 4–9 மணி. சிலருக்கு 12 வரை | குறைவு |
| மெபிவகெய்ன் 3%, அட்ரினலின் இல்லாதது | 2–4 நிமிடம் | 2–3 மணி | இல்லை |

லிக்னோகெய்ன்: பழகிய குதிரை

ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென், பெங்ட் லுண்ட்க்விஸ்ட் இருவரும் 1943-இல் உருவாக்கி, 1948-இல் விற்பனைக்கு வந்த இந்த மருந்தைத்தான் இன்றும் மற்ற எல்லா மருந்துகளுக்கும் அளவுகோலாக வைக்கிறோம். நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் 30 மி.லி. குப்பியில் ரப்பர் மூடியோடு மேசையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். விலை குறைவு, விரைவாக மரக்கும், அறுவை நடக்கும் நேரம் முழுவதும் தாங்கும், ரத்தமும் கட்டுக்குள் இருக்கும். கர்ப்பிணிக்குத் தள்ளிப்போட முடியாத பல் சிகிச்சை என்றால் முதலில் கை போவதும் இதன் மேல்தான்.

பாதுகாப்பு எல்லையும் தாராளமானது. அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெய்னை உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. வரை, மொத்தம் 500 மி.கி.க்கு மேற்படாமல் போடலாம் என்பது நடைமுறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மி.கி., அதாவது 2% கரைசலில் 21 மி.லி. ஒரு ஞானப்பல்லுக்குச் செலவாவதோ நான்கைந்து மி.லி.தான்.

மறைமுகச் செலவு மாலையில் தெரியும். காலை பதினொரு மணிக்கு எடுத்தால் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் உதட்டில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, அடுத்த அரை மணியில் குழி தன் இருப்பைத் தெரிவித்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே மாத்திரை போட்டவருக்கு இது பெரிய குறையே இல்லை. மேல்தாடை ஞானப்பல்லுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படுவதில்லை. அங்கே எலும்பு மென்மையானது, பல் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும், வலியும் குறைவு. மேல்பல்லுக்கு எட்டு மணி நேர ஊசி கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஆர்டிகெய்ன்: விரைவு, ஊடுருவல், ஒரு தயக்கம்

ஜெர்மனியில் 1976 முதல் பல் மருத்துவத்தில் புழங்கும் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. எலும்பை ஊடுருவிப் போகும் திறன் அதிகம் என்பதே இதன் பெயர்பெற்ற குணம். மேல்தாடையில் கன்னத்துப் பக்கம் மட்டும் ஊசி போட்டாலே அண்ணப் பக்கமும் ஓரளவு மரத்துப்போவதால், வாய்க்குள் போடும் ஊசிகளிலேயே அதிகம் வலிக்கும் அண்ண ஊசியைச் சில சமயம் தவிர்க்க முடிகிறது. ஊசி என்றாலே நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

மற்ற மூன்றும் கல்லீரலில் சிதைய வேண்டியவை. ஆர்டிகெய்னோ பெரும்பகுதி ரத்தத்திலேயே சிதைந்துவிடுவதால் உடம்பை விட்டு விரைவாக நீங்குகிறது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இது சாதகம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றாலும், ஞானப்பல் விஷயத்தில் அந்தக் கேள்வி எழாது.

தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. நான்கு சதவீதச் செறிவுள்ள மருந்துகளைக் கீழ்த்தாடை நரம்புத் தடுப்பு ஊசியாகப் போடும்போது, நாக்கிலோ உதட்டிலோ நீண்ட நாள் உணர்வு மாற்றம் தங்கிவிடும் நிகழ்வுகள் மற்ற மருந்துகளைவிடக் கூடுதலாகப் பதிவாகியுள்ளதாகச் சில நாடுகளின் அறிக்கைகள் காட்டின. அவை அரிதானவை, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுபவை. மருந்துதான் காரணமா, ஊசி முனை நரம்பைத் தொட்டதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் வழக்கம், நரம்புத் தடுப்புக்கு லிக்னோகெய்னைப் பயன்படுத்தி, பல்லைச் சுற்றிய கூடுதல் ஊசிக்கு மட்டும் ஆர்டிகெய்னை எடுப்பது. நரம்புத் தடுப்புக்கே ஆர்டிகெய்ன் போடும் திறமையான சக மருத்துவர்களும் உண்டு. அதைத் தவறென்று சொல்லமாட்டேன்.

மாலை வலி என்ற நம் அளவுகோலில் வைத்துப் பார்த்தால், ஆர்டிகெய்னுக்கும் லிக்னோகெய்னுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அரை மணி, ஒரு மணி கூடுதலாகத் தாங்கலாம். வலியின் உச்சத்தைத் தாண்ட அது போதாது.

பூபிவகெய்ன்: எல்லோரும் கேட்கும் அந்த எட்டு மணி நேர ஊசி

1957-இல் உருவான பூபிவகெய்னின் பெரும்பகுதி, ஏறத்தாழ 95 சதவீதம், புரதத்தோடு இறுகப் பிணைகிறது. நரம்பை விட்டு அது எளிதில் விலகாததற்கு இதுவே காரணம். காலையில் போட்டால் மாலை மங்கும்வரை, சிலருக்கு இரவு உணவு நேரம்வரை தாடை அமைதியாகக் கிடக்கும். வலி உச்சத்தைத் தொடும் அந்த ஆறேழு மணி நேரத்தின் பெரும்பகுதியை மரப்பே விழுங்கிவிடுவதால், முதல் நாள் வலி மாத்திரைத் தேவை கண்கூடாகக் குறைகிறது. கடினமான, எலும்பை ஆழமாகச் சீவி எடுக்கவேண்டிய கீழ்ப்பல்லுக்கு இது உண்மையான உதவி.

இதை மட்டுமே வைத்து அறுவையை நடத்துவது சுலபமல்ல. மரக்கத் தாமதமாகும்; இதனோடு வரும் அட்ரினலினும் பாதிக்கும் குறைவான செறிவுள்ளது என்பதால் குழியில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே பலரும் லிக்னோகெய்னை வைத்து அறுவையைத் தொடங்கி, தையல் போட்டு முடித்த பிறகு, அதே நரம்புக்கு இரண்டு மி.லி. பூபிவகெய்னைப் போட்டு அனுப்புகிறோம். முதல் ஊசியின் மரப்பு நீடிப்பதால் இரண்டாம் ஊசி குத்துவதே தெரியாது. இப்படி இரண்டையும் சேர்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை இருக்கிறதென்று நிம்மதியடையக் கூடாது. நச்சு விளைவு ஒன்றோடொன்று கூடும். பூபிவகெய்னுக்குப் பல் மருத்துவத்தில் சொல்லப்படும் மொத்த உச்ச அளவு 90 மி.கி.தான். ரத்தக் குழாய்க்குள் நேரடியாகப் போய்விட்டால் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது, மீட்பது கடினம் என்பதால், உறிஞ்சிப் பார்த்து ரத்தம் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகு மெதுவாகப் போடுவது எல்லா ஊசிக்கும் விதியென்றால் இதற்கு இரட்டிப்பு விதி. இத்தகைய விபத்துக்கு 20% கொழுப்புக் குழம்பை ரத்த நாளம் வழியே ஏற்றுவது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை; அதைக் கையில் வைத்திருக்கும் இடமா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் குவிகின்றன. முப்பது வயதுப் பெண்ணொருவருக்குக் காலை பத்து மணிக்கு இந்த ஊசி போட்டோம். இரவு ஒன்பதரை மணிக்குத் தொலைபேசியில் அழுகுரல்: “உதடு இன்னும் செத்துப்போன மாதிரியே இருக்கு டாக்டர், நரம்பு போயிடுச்சா?” வாய் கோணிவிட்டதோ என்று கண்ணாடி முன் அரை மணி நேரம் நின்றிருக்கிறார், தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிகிறது, குழந்தைக்குச் சோறு ஊட்டியபடி தானும் ஒரு வாய் சாப்பிட்டதில் உள்கன்னத்தைக் கடித்து ரத்தம் வந்திருக்கிறது. விடியற்காலையில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரவு அவருக்கு வலியில்லாத இரவாக இருந்தும் நிம்மதியான இரவாக இல்லை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மரத்திருக்கலாம் என்று நாங்கள் முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவர் பக்கத்திலும் ஒரு செலவு இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. கீழ் ஞானப்பல்லின் வேர் தாடை நரம்பை ஒட்டியிருந்தால், அறுவைக்குப் பிறகு உதட்டு உணர்வு திரும்பிவிட்டதா என்று அன்றே சோதித்துப் பார்க்க விரும்புவோம். லிக்னோகெய்ன் என்றால் மாலைக்குள் தெரிந்துவிடும். பூபிவகெய்ன் என்றால் மறுநாள் காலைவரை, மரத்திருப்பது மருந்தாலா காயத்தாலா என்று பிரித்தறிய முடியாது. எக்ஸ்ரேயில் வேர் நரம்புக் குழாயைத் தொட்டபடி இருப்பவர்களுக்கு நான் இந்த ஊசியைத் தவிர்ப்பது இதனால்தான்.

மரப்பு விடும்போது வலி வராமலே போகும் என்பதும் தவறான எதிர்பார்ப்பு. வலி தள்ளிப்போகிறது, தணிந்தும் வருகிறது, ஆனால் வருகிறது. ஞானப்பல் நோயாளிகளிடம் நடந்த சில ஆய்வுகளில், பூபிவகெய்ன் போட்டவர்களுக்கு இருபத்து நான்காம் மணி நேரத்து வலி சற்றுக் கூடுதலாகவே இருந்ததாகவும் கண்டிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மரப்பு விட்டு, மாத்திரையும் போடாமல் தூங்கியவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தால், பகலில் சம்பாதித்ததை இரவில் திருப்பிக் கொடுத்த கணக்குதான்.

இரண்டு பக்கக் கீழ்ப்பற்களையும் ஒரே நாளில் எடுப்பவர்களுக்கு இருபுறமும் இதைப் போட எனக்கு மனம் வருவதில்லை. நாக்கு முழுவதும் மரத்துப்போய், எச்சிலை விழுங்குவதே சிரமமாகி, அரை நாள் துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

மற்றவை, சுருக்கமாக

ரோபிவகெய்ன், பூபிவகெய்னின் நெருங்கிய உறவு. இதயத்துக்கு அதைவிடக் குறைந்த அபாயமுள்ளது, நீடிப்பும் ஏறக்குறைய அதே அளவு. மயக்கவியல் நிபுணர் உள்ள மருத்துவமனையில் பல்லை எடுப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்கலாம். தெருமுனைக் கிளினிக்கில் எதிர்பார்க்க வேண்டாம்.

அட்ரினலின் இல்லாத மெபிவகெய்ன், அட்ரினலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான வழி. மாலை வலிக்கு அதனால் பயனே இல்லை, வீடு போய்ச் சேரும் முன்பே மரப்பு விட்டுவிடக்கூடும். இதய நோயாளி என்றதுமே அட்ரினலினை முழுவதும் விலக்க வேண்டும் என்பதில்லை. அவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 0.04 மி.கி.; 1:80,000 கரைசலில் 1.8 மி.லி.யிலேயே 0.0225 மி.கி. இருக்கிறது, 1:200,000 கரைசலில் அதே அளவில் 0.009 மி.கி.தான். ஆகவே சில இதய நோயாளிகளுக்கு, இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, செறிவு குறைந்த அட்ரினலினோடு வரும் மருந்தே நல்ல சமரசமாக அமையும். அட்ரினலின் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் சல்ஃபைட் ஒவ்வாத ஆஸ்துமாக்காரர்கள் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்னோகெய்ன், பென்சோகெய்ன் ஜெல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை தோலின் மேல்பரப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்வரைதான் மரக்கச் செய்யும். எலும்புக் குழியின் வலியை அவை எட்டாது. புதுப் புண்ணுக்குள் கிராம்பு எண்ணெயை ஊற்றுவதும் வேண்டாம், திசுவைப் பொசுக்கிவிடும். மூன்றாம் நாள் வாக்கில் ரத்தக் கட்டு கரைந்து எலும்பு திறந்துகொண்டு காதுவரை வலித்தால், அதற்கு மருத்துவரே கிராம்புச் சத்துள்ள மருந்தை வைத்துக் கட்டுவார். அது வேறு கதை.

எந்த ஊசியானாலும்: மாத்திரையின் நேரம்

ஊசியைவிட இதில்தான் கூடுதல் பயன் இருக்கிறது என்பது என் கருத்து. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் வகை மருந்துகளால் வரும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள் ஆகியவை இல்லாத பெரியவருக்கு, ஐபுபுரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமாலும் சேர்ந்து தரும் நிவாரணம், தனித்தனியே எதுவும் தருவதைவிட மேலானது. மருத்துவர் எழுதித்தந்தது வேறு வலி மாத்திரையானால் அதோடு ஐபுபுரோஃபெனையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. இரண்டும் ஒரே வகையாக இருக்கக்கூடும்.

முதல் வேளையை மரப்பு விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். லிக்னோகெய்ன் என்றால் அறுவை முடிந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில். பூபிவகெய்ன் என்றால் மாலை ஐந்து மணி வாக்கில், பிறகு படுக்கப் போகும் முன் அடுத்த வேளை. வெறும் வயிற்றில் வேண்டாம். கடித்திருந்த பஞ்சை எடுத்த பிறகு ஆறிய கஞ்சியோ மோரோ போதும், உறிஞ்சுகுழல் இல்லாமல். தயிர் சாதம் என்றால் குழைவாகப் பிசைந்து, தாளிக்காமல், மரத்த பக்கத்தைத் தவிர்த்து உண்ண வேண்டும். கடுகு ஒன்று குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அதை எடுக்கத் தனியாக ஒரு முறை என்னிடம் வர வேண்டியிருக்கும்.

யாருக்கு எது?

மேல்பல், அல்லது நேராக முளைத்து எளிதாக வந்துவிடும் கீழ்ப்பல் என்றால் லிக்னோகெய்ன் போதும். அண்ண ஊசிக்கு அஞ்சுபவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் ஆர்டிகெய்ன் பற்றிக் கேட்கலாம்.

எலும்புக்குள் புதைந்த ஒரு பக்கக் கீழ்ப்பல், உடல்நலம் நல்ல நிலை, வேர் நரம்பை விட்டு விலகியிருக்கிறது, வீட்டில் துணைக்கு ஆள் உண்டு என்றால் லிக்னோகெய்னில் தொடங்கிப் பூபிவகெய்னில் முடிப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். அறுவை முடிந்து மூன்று மணி நேரம் பேருந்தில் ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கும், வயிற்றுப்புண்ணால் வலி மாத்திரைகளை அதிகம் எடுக்க முடியாதவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். பிற்பகல் நான்கு மணிக்கு அறுவை வைத்துக்கொண்டால் இதே ஊசியின் மரப்பு நள்ளிரவைத் தாண்டி, நீங்கள் தூங்கும்போது விடும் என்பதால், இந்த வழியை விரும்புவோர் காலை நேரத்தையே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலையே இணைய வழிக் கூட்டத்தில் பேச வேண்டியவர், வீட்டில் கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர், மரத்த உதட்டைக் கடித்து விளையாடும் பதின்ம வயதுப் பிள்ளை, ஏற்கெனவே பதற்றம் அதிகமுள்ளவர் ஆகியோருக்கு நீண்ட நேர மரப்பு வலியைவிடப் பெரிய தொல்லையாகிவிடலாம். இவர்களுக்கு லிக்னோகெய்னும் நேரம் தவறாத மாத்திரையும் போதும்.

எந்த மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது என்பதை மருந்துச் சீட்டின் மூலையில் எழுதித் தரச் சொல்லுங்கள். லிக்னோகெய்ன் அல்லது ஆர்டிகெய்ன் போட்டு எட்டு மணி நேரமாகியும், அல்லது பூபிவகெய்ன் போட்டு மறுநாள் காலை விடிந்தும், உதடோ நாக்கோ முழுவதுமாக மரத்தே கிடந்தால், அந்தச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பல்லை எடுத்த மருத்துவரை அன்றே அழைத்துப் பேச வேண்டும்.